உயிர் காக்கும் மருந்தும் உழைக்கும் விரலும்

நோய் தீர்க்கும் மருந்து தானே வேறொரு நோயைத் தருமாயின், அதனை ஏற்பதா விலக்குவதா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஏற்கவே வேண்டும் என்பது நம் கருத்து. ஆயினும், ஒன்றும் வினவாது ஏற்றல் தகாது என்பதை ஈண்டு வற்புறுத்த விழைகின்றோம். பெருங்குடற் புற்றுநோய்க்கு அளிக்கப்பெறும் ஆக்ஸாலிபிளாட்டின் இதற்குத் தக்க சான்று.

பிளாட்டினம் என்னும் உலோகம் அடங்கிய இம்மருந்து 1976-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்து நகோயா நகரில் கண்டறியப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோய் மீளாவண்ணம் காப்பதில் இதன் உதவி பெரிது. எனினும், முதுகுத்தண்டை அடுத்துள்ள உணர்ச்சி நரம்பணுக்களையும் இது தாக்குகின்றது. மருந்தேறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த நீரைத் தொட்டால் விரல்களில் ஊசி குத்துவது போலிருக்கும். பருகினால் தொண்டை அடைப்பது போலாகும். இவை விரைவில் அகலும். ஆனால், மருந்து உடலிற் சேரச் சேர விரல்களும் பாதங்களும் மரத்துப்போகின்றன. மருந்தை நிறுத்திய பின்னும் இரண்டு மூன்று மாதங்கள் இவ்வுபாதை மிகுதலும், சிலர்க்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தலும் உண்டு.

கொங்கு நாட்டார்க்கு இது சிறு தொல்லையோ? திருப்பூரில் பனியன் தைப்பவர், சோமனூரில் தறியில் அறுந்த இழையை முடிபவர், கோவையில் பொன்வேலை செய்பவர் ஆகியோர்க்கெல்லாம் விரல் நுனியே மூலதனம். சட்டைப் பொத்தானை இடவும் இயலாத விரல் ஊசியில் நூல் கோப்பது எங்ஙனம்? வெறுங்காலோடு வரப்பில் நடக்கும் உழவர் முள் தைத்ததையும் அறியார்.

இதனைத் தடுக்கும் மருந்து யாதுமில்லை. கால்சியம், மக்னீசியம் ஏற்றிப் பார்த்தும் பயனில்லை என்பது 2014-இல் வெளிவந்த ஆய்வால் தெளிவாயிற்று. ஆகவே, அளவறிந்து குறைத்தலும் காலமறிந்து நிறுத்தலுமே வழி. 12,834 நோயாளரைக் கொண்டு 2018-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு இதற்கு ஒளி தந்தது. ஆறு மாதம் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 முதல் 48 பேர்க்கு நரம்புத் தொல்லை மிதமாகவோ கடுமையாகவோ நேர்ந்தது. மூன்று மாதம் பெற்றோரில் 14 முதல் 17 பேர்க்கே நேர்ந்தது. நோய் குறைந்த அளவே பரவியோர்க்குக் கேப்சிடபின் மாத்திரையுடன் மூன்று மாதம் அளித்தலே போதியதாகவும் காணப்பட்டது.

"உயிரினும் விரல் பெரிதோ?" என்பர் சிலர். அன்று, நோய் மிகப் பரவியோர்க்கு நெடிய சிகிச்சை வேண்டற்பாலதே. நாம் வேண்டுவது ஒன்றே: சிகிச்சையின் காலத்தை வரையறுக்குமுன், "நீர் செய்யும் தொழில் யாது?" என்று வைத்தியர் வினவுக. ஒவ்வொரு முறை மருந்தேற்றுமுன்னும் விரலின் நிலையைக் கேட்டறிக. நோயாளரும், சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவரோ என்றஞ்சி மறைத்தல் கூடாது. தாமாகவே நிறுத்துதலும் கூடாது.

மாணவ நண்பர்களே! சிற்றூர்களிலிருந்து கோவை மருத்துவமனைகளுக்கு வரும் முதியோர்க்குத் துணையாக வருவோர் பெரும்பாலும் நீங்களே. அவர்கள் சொல்லத் தயங்குவதை வைத்தியர் செவியில் இடுங்கள். கற்ற கல்விக்கு இதனினும் அணித்தாய பயன் வேறு யாதுளது?