குப்பை யார் வாசலில்?

வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பது எளிது. குப்பையைப் பிறர் வாசலில் கொட்டினால் போதும். கேரளத்தின் ஆலப்புழை நகரம் பல்லாண்டுகள் அவ்வாறே வாழ்ந்தது. அதன் கழிவுகள் சர்வோதயபுரத்தில் மலையெனக் குவிந்தன. 2012இல் அவ்வூர் மக்கள் குப்பை வண்டிகளை மறித்தனர். நகரத் தெருக்கள் நாறின. அதன் பின்னரே ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ இயக்கம் எழுந்தது. வீடுகளில் குழாய் உரக்கலங்களும் உயிரி எரிவாயுக் கலன்களும், தெருக்களில் பொது உரத்தொட்டிகளும் அமைந்தன. சமையற்கழிவு உரமாயிற்று, அடுப்பெரிக்கும் வாயுவுமாயிற்று. கொச்சியிலோ, 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பற்றி நகரையே புகையில் ஆழ்த்தியது.

ஈரக்கழிவு, உலர்கழிவு, வீட்டு அபாயக் கழிவு எனப் பிரித்தளிக்க வேண்டுமென 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கூறின. பிரிக்காத குப்பையில் கிடக்கும் உடைந்த கண்ணாடி கிழிப்பது தூய்மைப் பணியாளரின் கையைத்தான். ஆகவே, பிரித்தளிப்பது வெறும் நற்பழக்கமன்று. உழைப்பவருக்கு நாம் செலுத்தும் கடன். அக்கடன் வீட்டுப் பெண்களின் தலையில் மட்டும் விழலாகாது.

ஞெகிழி உறைகளை விற்று இலாபமீட்டும் நிறுவனங்களின் பொறுப்பையும், நிரந்தரப் பணியும் கையுறையும் வழங்காத நிர்வாகங்களின் பொறுப்பையும் இது துடைத்துவிடாது. அவற்றைத் தட்டிக்கேட்போம். நம் வீட்டுக் கூடையைப் பிரித்துவைத்துவிட்டே கேட்போம்.