குருணை போதாத எட்டு வாரம்

நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு என்ன போடுவது என்ற கேள்விக்குச் செங்கம் வட்டாரத்தில் பெரும்பாலும் வீட்டில் எது மிஞ்சுகிறதோ அதுவே பதில். கீழே ஊர்களில் அரிசிக் குருணை. பரமனந்தல் தாண்டி ஜவ்வாது மலை ஏறிவிட்டால் சாமையும் சாமைத் தவிடும். வளர்ந்த கோழி இதில் காலம் தள்ளிவிடும். மீதியை அது கிளறித் தேடிக்கொள்ளும். ஆனால் பொரித்து எட்டு வாரம்கூட ஆகாத குஞ்சுக்கு வெறும் தானியத்தைப் போடுவது, வயிற்றை நிரப்பிப் பட்டினி போடுவதுதான். கோழி வளர்ப்பில் கைக்காசைச் செலவழிக்க ஒரு காலம் உண்டென்றால் அது இந்த எட்டு வாரம். அதற்குப் பிறகு கையைச் சுருக்கிக்கொண்டாலும் பெரிய நட்டம் வராது. நடப்பது தலைகீழாக இருக்கிறது. கோழி முட்டையிடத் தொடங்கியதும் தீவனம் வாங்கத் தயங்காத வீட்டில்கூட, குஞ்சுக்குக் குருணைதான் விழுகிறது.

கணக்கைப் பார்ப்போம். வளரும் குஞ்சின் தீவனத்தில் 20 சதவீதம் புரதம் வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோல். அரிசிக் குருணையில் இருப்பது 7 அல்லது 8. சாமையில் 8 முதல் 10 வரை, மக்காச்சோளத்தில் 9, கம்பில் 11 சொச்சம். இரண்டு மடங்கு தின்று ஈடுகட்டிக்கொள்ளட்டுமே என்றால், கோழி அப்படித் தின்னாது. உடம்புக்குத் தேவையான எரிசக்தி கிடைத்ததும் அலகை எடுத்துவிடும். மாவுச்சத்து நிறைந்த தானியம் அந்த இடத்துக்கு அதைச் சீக்கிரமே கொண்டுபோய் விட்டுவிடுகிறது, புரதம் பாதியில் நிற்கும்போதே. இந்த வயதில்தான் குஞ்சு பூமயிரைக் கழித்து இறகு கட்டுகிறது. இறகு ஏறக்குறைய முழுக்கப் புரதம். எலும்பும் சதையும் அதே நேரத்தில் தங்கள் பங்கைக் கேட்கின்றன. பொழுது சாய்ந்தபின் குருணையில் வளர்ந்த ஐந்து வாரக் குஞ்சு ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால் இது விளங்கும். கழுத்தடியில் இரைப்பை கெட்டியாக நிரம்பியிருக்கும். விரலைக் கீழே நகர்த்தினால் நெஞ்செலும்பு கத்தி விளிம்பாய்த் தட்டும். முதுகில் இறகு மூடாமல் தோல் தெரியும். கூட்டத்தில் மற்ற குஞ்சுகள் அந்த இடத்தைத்தான் கொத்தும்.

‘எங்கள் பாட்டி காலத்தில் நொய்யைத் தவிர எதைப் போட்டோம், கோழி வளரவில்லையா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதிலும் நியாயமாக இருக்க வேண்டும். பாட்டி போட்டது நொய்தான், குஞ்சு தின்றது நொய் மட்டுமல்ல. தாய்க்கோழி எருக்குழியைக் கிளறிப் புழுவைக் காட்டியது, கரையான் புற்றுக்கு அழைத்துப் போனது, வெட்டுக்கிளியைப் பிடித்துக் குஞ்சுகளின் முன்னால் போட்டது. பழைய பானையில் சாணியும் வைக்கோலும் கந்தலும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்துவைத்து, விடிந்ததும் குஞ்சுகளுக்குத் தட்டிக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தது. அதைத் தீவன அறிவு என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அது அதுதான். மாடு குறைந்து, எருக்குழி தூர்ந்து, வாசல் சிமெண்டுத் தரையான வீட்டில் நொய்யை மட்டும் பாட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம். மலைமேல் எருக்குழியும் கொல்லையும் தாய்க்கோழியும் இருக்கிற வீட்டில் கடைத் தீவனம் குறைவாகவே போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இயந்திரத்தில் பொரித்துத் தாயில்லாமல் வரும் குஞ்சுக்குக் கிளறிக் காட்ட யாருமில்லை. அது தட்டில் இருப்பதைத்தான் தின்னும்.

செலவு அடுத்த கேள்வி. ஒரு குஞ்சு முதல் ஆறு வாரத்தில் தின்பது ஏறக்குறைய ஒரு கிலோ தீவனம்தான். அதையும் வாங்க முடியாத வீட்டுக்கு வழி அருகிலேயே இருக்கிறது, ஏனென்றால் இது மல்லாட்டை என்கிற நிலக்கடலை விளையும் மாவட்டம். கடலைப் பிண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம். உடைத்த மக்காச்சோளமோ கம்போ ஆறு பங்கு, பிண்ணாக்கு இரண்டு பங்கு, கருவாட்டுத் தூள் ஒரு பங்கு, தவிடு ஒரு பங்கு என்று கலந்தால் கூட்டுத்தொகை 20 சதவீதத்தைத் தொடுகிறது. கூடவே கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் கோழிக்கான தாது உப்பும் வைட்டமினும் சேர்க்க வேண்டும். கருவாட்டை விட்டுவிட்டுப் பிண்ணாக்கைக் கூட்டினால் எண்ணிக்கை சரியாக வரும், குஞ்சு சரியாக வராது. கடலையில் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறைவு, கருவாட்டில் அவை நிறைவு. ஆனால் அது உப்புப் போடாமல் காயவைத்த கருவாடாக இருக்க வேண்டும். கடலிலிருந்து இவ்வளவு தூரம் வந்து சேர்வது பெரும்பாலும் உப்புக் கருவாடு, அதிக உப்பு குஞ்சைக் கொன்றுவிடும். பிண்ணாக்கிலும் பூஞ்சணம் பார்த்தாக வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துவிழுந்தன. தேடிப் போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு. அஃப்ளாடாக்சினை உலகம் அறிந்துகொண்டது அப்படித்தான். மழைக்காலத்தில் மண்தரையில் கிடக்கும் மூட்டைக்குள் அதே வேலை நடக்கும். பலகை போட்டு அதன்மேல் வைப்பதும், இரண்டு வாரத்துக்கு மேல் கலந்துவைக்காமல் இருப்பதும் காசு செலவில்லாத காரியம். அசோலா என்ற நீர்ச்செடியையே மருந்தாகச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் புரதக் கணக்கு காய்ந்த எடைக்கு. பச்சையாக அள்ளினால் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். குஞ்சின் சின்ன இரைப்பையில் அதை நிரப்பினால் உருப்படியான தீனிக்கு இடமிருக்காது.

கடையில் வாங்குகிறவர்கள் செய்யும் பிழை வேறு மாதிரியானது. ‘கோழித் தீவனம்’ என்று கேட்டு, கிடைத்ததை வாங்கிவருவது. முட்டைக்கோழித் தீவனத்தில் ஓடு கட்டுவதற்காகச் சுண்ணாம்புச்சத்து 3 முதல் 4 சதவீதம் இருக்கும். குஞ்சுக்குத் தேவை 1 சதவீதம். மீதியை வெளியேற்றச் சிறுநீரகம் திணறி, பழுதாகி, யூரிக் அமிலம் வெள்ளைச் சுண்ணாம்பாக உள்ளுறுப்புகள்மேல் படிந்து குஞ்சு சாகும். சரி, தாயும் குஞ்சும் ஒரே தட்டில் தின்கிற வீட்டில் என்ன செய்வது? இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் குஞ்சுத் தீவனத்தை எல்லாருக்கும் போடுங்கள். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டியதை அதுவே பொறுக்கிக்கொள்ளும். தனியாகப் போட முடிந்தவர்கள், குஞ்சு மட்டும் நுழையும் இடைவெளி விட்டுப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, தட்டை உள்ளே வைத்தால் போதும். கறிக்கோழிக் குஞ்சுத் தீவனம்தான் கிடைக்கிறதென்றால் அதுவும் குருணையைவிட மேல். அதைப் போட்டால் நாட்டுக்கோழி ‘ஊசிக்கோழி’ ஆகிவிடும் என்பது பயம் மட்டுமே. கறிக்கோழி வேகமாக வளர்வது பல தலைமுறை இனத்தேர்வால். மூட்டையில் ஹார்மோன் எதுவும் இல்லை. நுண்ணுயிர்க்கொல்லி பற்றிய கவலை அப்படிப்பட்டதல்ல, அதற்கு ஆதாரம் உண்டு. கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. மூட்டையின் சீட்டைப் படித்து வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

எவ்வளவு போட்டாலும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே நாளில் கூடு காலியாகிறதே, பருந்தும் கீரியும் பாதியைக் கொண்டுபோகின்றனவே, பிறகு தீவனத்தில் எதற்குப் பணம் என்பது கடைசி எதிர்வாதம். கழிச்சலைத் தீவனம் தடுக்காது, உண்மை. அதற்கு முதல் வாரச் சொட்டு மருந்தும் எட்டாவது வாரத் தடுப்பூசியும் வேண்டும். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இலவச முகாமைத் தவறவிடக் கூடாது. ஆனால் புரதம் போதாத உடம்பில் தடுப்பூசியும் முழு வேலை செய்யாது, நோயை எதிர்க்கும் பொருளும் புரதத்தால் ஆனதுதான். நேரத்துக்கு இறகு முளைத்துச் சட்டென்று எழும்பிப் பறக்கிற குஞ்சு, கீரிக்கு அவ்வளவு எளிதாகச் சிக்குவதுமில்லை.

இந்தக் கணக்கு துறைக்கும் பொருந்தும். ஆதரவற்ற, ஏழைப் பெண்களுக்கு நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் பாதி மானியத்தில் கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்ல திட்டம். நான்கு வாரம் என்றால் ஆபத்தான எட்டு வாரத்தில் பாதிதான் கழிந்திருக்கிறது. மீதிப் பாதி அந்தப் பெண்ணின் கையில். அதுவரை புரதம் நிறைந்த தீவனத்தில் வளர்ந்த குஞ்சு, வந்த அன்றே குருணைக்கு மாறினால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். அந்த மிச்ச நான்கு வாரத்துக்கு 40 குஞ்சுக்கும் சேர்த்து ஆகும் தீவனம் 50 கிலோ மூட்டை ஒன்றுக்குள் அடங்கிவிடும். குஞ்சு கொடுக்கும் நாளில், எந்த வயதுக்கு எது என்று தமிழில் அச்சிட்ட சீட்டோடு அந்த ஒரு மூட்டையும் கூடவே போக வேண்டும். ஜமுனாமரத்தூரில் ஒரு மகளிர் குழுவிடம் மாவு இயந்திரமும் கலவைக் கணக்கும் கொடுத்தால், அந்த மூட்டையை மலைமேலேயே அரைத்துக் கட்டிக்கொள்ளலாம்.