ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஊரிலேயே பயிற்சி கோரும் மனு

பெறுநர்: மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர், சென்னை
வழி: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தன் 21 குறைபாடுகளின் பட்டியலில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அலைந்து திரிந்தால் சான்றிதழும் அடையாள அட்டையும் கிடைத்துவிடுகின்றன. மறுநாள் காலை பிள்ளை தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும்போது என்ன செய்வதென்று அட்டை சொல்லாது. அதைச் சொல்லித்தர ஏற்பாடு வேண்டுமென்றே பெற்றோர் சங்கம் இம்மனுவை அளிக்கிறது.

கடைவீதியில் ஐந்து வயதுப் பையன் தரையில் புரண்டு அலறுகிறான். நாலு பேர் பார்க்கிறார்களே என்று அம்மா செல்போனைக் கொடுக்க, அலறல் நிற்கிறது. அலறினால் போன் வரும் என்று அவனுக்கும், போனைக் கொடுத்தால் அமைதி வரும் என்று அம்மாவுக்கும் பழகிவிடுகிறது. பயிற்சி பெற்றவர் நோட்டு போட்டு எழுதுவார்: அலறலுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது? நாள்தோறும் எழுதிவர, காரணம் பிடிபடும். கடையின் இரைச்சலாக இருக்கலாம். சொல்லத் தெரியாத பல்வலியாகவும் இருக்கலாம். ‘போதும், போகலாம்’ என்று காட்டப் படஅட்டையைப் பழக்கினால் அலறவேண்டிய தேவை குறையும். 

இத்தகைய பெற்றோர் பயிற்சி குறித்து அமெரிக்காவில் 3 முதல் 7 வயதுள்ள 180 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. 24 வாரங்களில், பயிற்சி பெற்ற பெற்றோரின் மதிப்பீட்டில் பிள்ளைகளின் எரிச்சலும் ஆவேசமும் ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்தன. ஆட்டிசம் பற்றிய விளக்கம் மட்டும் கேட்ட பெற்றோரிடம் 32. விழிப்புணர்வு முகாமோடு கடமை முடியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பயிற்சி தர நிபுணர்கள் இல்லை என்ற பதிலையும் சங்கம் ஏற்கவில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஆய்வில் மருத்துவர் அல்லாத களப்பணியாளர்களே பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, தாய்க்கே போட்டுக் காட்டிப் பேசினார்கள். நடத்தையைவிடத் தொடர்புத்திறனைக் குறிவைத்த பயிற்சி அது. பிள்ளைகள் தாமாகப் பெற்றோரை நாடுவது கூடியதாக 2016இல் முடிவு வெளியானது. உலக சுகாதார நிறுவனத்திடம் 9 குழு வகுப்புகளும் 3 வீட்டு வருகைகளும் கொண்ட பாடத்திட்டமே தயாராக இருக்கிறது.

ஆகவே, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தில் ஆட்டிசம் உறுதியான மாதத்திலேயே பெற்றோரைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும். பயிற்றுநர்களை முட்டுக்காட்டிலுள்ள, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் துணையோடு உருவாக்கலாம். வகுப்பு வட்டார அளவில், ஞாயிற்றுக்கிழமையில் நடக்கட்டும். கூலிவேலைக்குப் போகிறவர்கள் வேறு நாளில் வர முடியாது. வகுப்பு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. அப்பாவையும் பாட்டியையும் கட்டாயம் அழைக்க வேண்டும்: அம்மா மறுத்த பிஸ்கட்டைப் பாட்டி எடுத்துக் கொடுத்தால் ஒரு வாரப் பாடமும் வீண். பயிற்சி நூல் தமிழில் இருக்க வேண்டும்.

இவை குறித்து சங்கப் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேசி, எழுத்துபூர்வமாகப் பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.