வயற்சேறும் சர்க்கரை நோயும்

நாஞ்சில் நாட்டில் பிறந்தோருக்கு வயல் என்றால் தனிப் பெருமை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு பூ விளையும் மண். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கும் மண். அந்த மண்ணைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஆயினும் இத்தகைய ஈரமண்ணில் வாழக்கூடிய ஒரு கிருமி உண்டு. சர்க்கரை நோயாளிகளையே அது பெரும்பாலும் வீழ்த்துகிறது. அதைப்பற்றி நம் தோழியர் அறிந்திருக்க வேண்டும் எனக் கருதுகிறோம்.

நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். 1912-ல் இதைப்பற்றி முதன்முதலாக எழுதி வெளியிட்டவர்கள், இரங்கூனில் பணியாற்றிய ஆல்ஃபிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள். நம்மவர் பெயர் ஒன்றைக் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் 'விட்மோர் நோய்' என்றுதான் இதற்கு மறுபெயர் வழங்குகிறது. கிருஷ்ணசாமிக்கு அதில் இடமில்லை!

கிருமி காலிலுள்ள வெடிப்பு, புண், கீறல் வழியாக உட்புகும். அசுத்தமான நீரைக் குடிப்பதாலும், புயல் மழையில் மூச்சுவழியாகவும் வரலாம். உடல்வலிமை உள்ளவரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, மிகுந்த குடிப்பழக்கம் ஆகியவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடமோ, இரத்தத்தில் கலந்து நுரையீரலைத் தாக்கும். ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கவும் கூடும். சிலரிடம் பல்லாண்டுகள் உறங்கிக் கிடப்பதும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து இந்நோய் வெளிப்பட்டதாக 2005-ல் மருத்துவர்கள் எழுதினர்.

எங்கோ தாய்லாந்தில் வரும் நோய் என்று தள்ளிவிட முடியாது. இரத்தத்தில் இக்கிருமி கலந்த நோயாளிகளைப் பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2003-லேயே எழுதியுள்ளனர். கர்நாடகக் கடற்கரையில் மணிப்பாலிலும் பலர் கண்டறியப்பட்டுள்ளனர். உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும், 89,000 பேர் இறப்பதாகவும் 2016-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் நூற்றுக்கு 44 பேர் தெற்காசியாவைச் சேர்ந்தவர்களாம். நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு ஏன் இப்பெயர் நம் காதில் விழவில்லை? இருமலும் காய்ச்சலும் மெலிவும் காசநோயைப் போலவே தோன்றுவது ஒரு காரணம். ஆசாரிபள்ளம் என்றாலே காசநோய் ஆஸ்பத்திரியை நினைக்கும் முதியோர் இம்மாவட்டத்தில் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் இருமலுக்கு வேறு காரணம் யாருக்குத் தோன்றும்? மற்றொன்று, சோதனைச்சாலையில் பழக்கமில்லாதவர் இக்கிருமியைச் சாதாரண வகை என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. இவற்றினும் பெரிய காரணம், மருந்துக்கடையில் நாமே சொல்லி வாங்கும் இரண்டு மாத்திரைகள் என்போம். பென்சிலினுக்கு இக்கிருமி அடங்காது. நோய் அடங்காததோடு, பிறகு இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்கும்போது கிருமி தென்படாமலும் போகக்கூடும். சர்க்கரை உள்ளவருக்குக் காய்ச்சல் விடாதிருந்தால், மருந்து தொடங்குமுன் 'பிளட் கல்ச்சர்' எடுக்க வேண்டும். அவர் வயலில் இறங்குபவர் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைக் காட்டுவோம். அங்கே 1989 முதல் இந்நோயாளிகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். முதல் ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு 31 பேர் இறந்தனர். முப்பதாண்டுகளின் இறுதியில் அது 6 ஆகக் குறைந்தது. கிருமி மாறவில்லை. விரைவில் கண்டறிந்ததும், உரிய மருந்தும், தீவிர சிகிச்சையுமே வேறுபாடு. டார்வினில் முடிந்தது இங்கே ஏன் முடியாது? ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் இக்கிருமியை இனங்காணும் வசதியை அரசு செய்துதர வேண்டும். இதை ஆடம்பரம் என்று நாம் நினைக்கவில்லை.

வயலில் இறங்குவோர் ரப்பர் பூட்ஸ் அணிய வேண்டும் என்று புத்தகங்கள் கூறுகின்றன. எழுதியவர் நடவு நட்டதில்லை போலும்! முழங்கால் வரை புதையும் சேற்றில் பூட்ஸோடு குனிந்து நாற்று நட முடியுமா? வரப்பு வெட்டவும் மருந்தடிக்கவும் அது உதவலாம். நடவுப் பெண்களுக்கு நாம் சொல்லக்கூடியது வேறு: காலில் புண் இருந்தால், அதுவும் சர்க்கரை இருந்தால், ஆறும்வரை சேற்றில் இறங்க வேண்டாம், கரையேறியதும் நல்ல நீரில் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஒருநாள் கூலியை இழப்பது எளிதல்ல என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே அந்நாட்களில் வரப்பிலோ களத்திலோ வேறு வேலை கொடுப்பது நிலக்காரர் கடமை.

சிகிச்சை நீண்டது. குறைந்தது 10 முதல் 14 நாட்கள் நரம்பில் ஊசிமருந்து. பிறகு வீட்டில் மூன்று மாதம் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் "இனி எதுக்கு?" என்று பாட்டி மாத்திரையை நிறுத்திவிடுவார், நோய் திரும்பி வரும். அந்த மூன்று மாதமும் அட்டையை எண்ணி, காலையும் மாலையும் கையில் எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பேத்திகளாகிய நாமே செய்யலாம்.