எடையைச் சொல்ல யாருக்குத் தைரியம்?

பிள்ளைகள் வாங்கித் தரும் ஸ்மார்ட் வாட்ச் நம்ம நாகர்கோவில் பக்கமும் பல பெண்கள் கையில் ஏறிவிட்டது. கட்டின உடனே செல்போன் ஆப் வயசு, உயரம், எடை என்று வரிசையாகக் கேட்கும், அதுவும் பெரும்பாலும் இங்கிலீஷில். பதிலைத் தட்டுவது மகனோ மருமகனோதான். மருமகன் முன்னால் எந்த மாமியார் உள்ளபடி எடையைச் சொல்வாள்? பத்து கிலோ குறைத்துத்தான்! ஆனால் கலோரிக் கணக்கே அந்த எடையை வைத்துத்தான் வருகிறது.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் இடுக்கி, கை வீசாமல் நடந்தால் பல அடிகளை வாட்ச் எண்ணாது. அதைக் கேட்க ஆப்புக்குத் தோன்றவில்லை. '10,000 அடி' என்று இலக்கு மட்டும் வைத்துவிடும். அது 1965-ல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயர், டாக்டர் சீட்டு இல்லை. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், 4,400 அடி நடந்தவர்களுக்கே ஆயுள் பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை.

அஞ்சு பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறை தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-லேயே எழுதினார். அந்த அஞ்சில் ஒருத்தி வடசேரிச் சந்தையில் பை சுமக்கிறவளாக இருக்கட்டுமே. அதுவரை எடையை நாமே தட்டிக்கொள்வோம் சகோதரிகளே, மருமகன் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகு.

- ஒரு வாசகி, நாகர்கோவில்