கட்டிடம் புதுசு, ஓடுபாதை பழசு! மீனம்பாக்கம் தாங்குமா?

சென்னை,

மீனம்பாக்கம் விமான நிலையம் பளபளவென்று மாறிவிட்டது. 2023 ஏப்ரல் 8-ந் தேதி பிரதமர் மோடி திறந்து வைத்த புதிய முனையத்தின் செலவு ரூ.1,260 கோடி. ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம் பேரைத் தாங்கிய நிலையம் இனி 3 கோடி பேரைத் தாங்கும் என்று அறிவித்தார்கள். முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் 'டிஜி யாத்ரா' வசதியும் வந்துவிட்டது.

எல்லாம் சரி. ஆனால் விமானம் இறங்குவது கட்டிடத்தில் அல்ல, ஓடுபாதையில்!

ஒன்றை ஒன்று வெட்டும் பாதை

மீனம்பாக்கத்தில் ஓடுபாதை இரண்டு. பெரியது சுமார் 12 ஆயிரம் அடி நீளம். சின்னது அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் விமானம் விடலாம். குறுக்கே வெட்டினால் ஒன்றில் ஓடும்போது மற்றது காத்திருக்க வேண்டியதுதான். அதனால் பாரம் முழுக்கப் பெரிய பாதை மேல்தான்.

இறங்கிய விமானம் விலகினால்தான் அடுத்தது இறங்க முடியும். அதுவரை வானத்தில் வட்டம் போட வேண்டும். வேகமாக விலக வளைவுப் பாதைகள் போட்டால் சில நொடிகள் மிச்சமாகும். அவ்வளவுதான்.

புதுப் பாதை போடலாமே என்றால் இடம் ஏது? ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, பரங்கிமலை, பல்லாவரம். இன்னொரு பக்கம் அடையாறு.

ஆறு பொங்கினால் நிலையம் மூடல்

சின்ன ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் கட்டித்தான் நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு வெள்ளம் உள்ளே புகுந்து, 6-ந் தேதி வரை நிலையம் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்தில் இருந்து பயணிகளை ஏற்றி அனுப்பினார்கள். 2023 டிசம்பர் 4-ந் தேதி 'மிக்ஜாம்' புயலிலும் மறுபடி மூடல்.

பரந்தூர் கேள்வி

இதற்கு மாற்றாகத்தான் காஞ்சீபுரம் மாவட்டம் பரந்தூரை 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அங்கே வயலும் ஏரியும் போகுமே என்று ஏகனாபுரம் மக்கள் அந்த ஆண்டே போராட்டத்தில் குதித்தார்கள். நகரத்துக்கு ஓடுபாதை வேண்டும். விவசாயிக்கு நிலம் வேண்டும். இரண்டும் நியாயம்தான். ஆனால் விலை கொடுப்பது ஒரு பக்கம் மட்டும்.

பரந்தூரில் விமானம் பறக்க இன்னும் ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை மீனம்பாக்கம்தான் கதி. அங்கே வெள்ளநீர் வடிகாலும், விலகும் பாதைகளும் முதலில் சரியாக வேண்டும். 2022 டிசம்பரில் அடுக்குமாடி கார் நிறுத்தம் திறந்த பிறகு, வாடகைக் கார் பிடிக்க மூட்டை முடிச்சோடு அங்கே நடந்த பயணிகளையும் அதிகாரிகள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாசல் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன? தெரு ஒத்தையடிப் பாதையாக இருந்தால் கூட்டம் வாசலில்தானே நிற்கும்!