ரோபோவுக்கு யார் வாத்தியார்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்புகிற ஊர் கடப்பாக்கம். அங்கே ஒரு மீனவருக்குப் புற்றுநோய். ரோபோ ஆபரேஷனுக்காகச் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 100 கிலோமீட்டர். சட்டமன்றத்துக்காகக் கட்டி, 2014-ல் ஆஸ்பத்திரியான அதே கட்டடம்தான். 2022 மார்ச்சில் சுமார் 35 கோடி ரூபாயில் அங்கே ரோபோ அறுவை சிகிச்சை மையம் திறந்தார்கள். பணக்காரருக்குக் கிடைப்பது ஏழைக்கும் கிடைக்கட்டும். நல்ல விஷயம்.

ஆனால் ரோபோ என்றதும் ரஜினி படம் ஞாபகம் வந்தால் மறந்துவிடுங்கள். இந்த மிஷின் தானாக ஒரு தையல்கூடப் போடாது. டாக்டர் தள்ளி உட்கார்ந்து கையை அசைப்பார். அதை மிஷின் வயிற்றுக்குள் அப்படியே செய்யும். கை நடுக்கத்தை வடிகட்டும். அனுபவமின்மையை வடிகட்டாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோபி, ரோபோ முறைகளைவிட, பழையபடி வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த பெண்களே அதிகம் பிழைத்தார்கள் என்று 2018-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. புற்றுநோய்க்கு ரோபோவின் பாதுகாப்பும் பலனும் நிலைநாட்டப்படவில்லை என்று 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. டாக்டரின் பயிற்சியையும் அனுபவத்தையும் கேளுங்கள் என்று நோயாளிகளுக்கும் சொன்னது.

நம்மூரில் டூ வீலருக்கே எட்டு போட்டுக் காட்டினால்தான் லைசென்ஸ். ரோபோவுக்கு? விற்கிற கம்பெனிகளே பயிற்சியும் தருகின்றன. கார் விற்பவரே லைசென்ஸும் கொடுக்கலாமா?

அரசு செய்ய வேண்டியது இதுதான். சிமுலேட்டரில் இத்தனை மணி நேரம், மூத்தவர் பக்கத்தில் இருக்க இத்தனை ஆபரேஷன், பிறகு வெளியாள் வைக்கும் பரீட்சை என்று கணக்கு வைக்கட்டும். அரசு, தனியார் இரண்டுக்கும் அதே விதி. நர்சுக்கும் டெக்னீஷியனுக்கும் பயிற்சி வேண்டும்; மிஷின் பாதியில் நின்றால் உடனே வயிற்றைத் திறக்க உதவப்போவது அவர்கள்தான். பயிற்சி முடித்தவரை அடுத்த மாதமே மிஷின் இல்லாத ஊருக்கு மாற்றாதீர்கள். 1965-லிருந்து இருக்கிற செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை படிப்பவர்களை ஓமந்தூராரில் சில மாதங்கள் உட்கார வையுங்கள். யாருக்கு ரோபோ தேவை, யாருக்குத் தேவையில்லை என்று கடப்பாக்கத்துக்காரருக்குப் பக்கத்திலேயே சொல்ல ஆள் கிடைக்கும். பாதிப் பேருக்கு பஸ் செலவாவது மிச்சம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: “டாக்டர், இதை நீங்களே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?” நல்ல டாக்டர் எண்ணைச் சொல்வார். கோபித்துக்கொள்பவரிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.